இடிக்கப்போகிற கட்டடத்தைப் பூட்டி வைக்காதீர்கள்: எம்ஐடி கட்டடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கேம்பிரிட்ஜ் நகரத்து எம்ஐடியின் கட்டடக் குழுவினருக்கு,

வணக்கம். முதலில் ஒரு விளக்கம். குரோம்பேட்டை எம்ஐடி என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும், இது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிற எம்ஐடி. குரோம்பேட்டைக்காரர்கள் மேல் எனக்கு ஒரு புகாரும் கிடையாது.

உங்கள் குழுவில் யாருக்கும் தமிழ் தெரிய வாய்ப்பில்லை என்று தெரிந்தேதான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று குனிந்துவிடுவேன், இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் குப்பை கொட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. தவிர, வாசர் தெருவில் நீங்கள் கட்டியிருக்கும் அந்தக் கோணல்மாணல் கட்டடத்துக்குள் எப்போது நுழைந்தாலும் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேராவது கண்ணில் படுகிறார்கள். அவர்களில் ஒருவர் காப்பி நேரத்தில் உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில் ஊரிலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், கம்ப்யூட்டர் பைத்தியம். இங்கே வருகிற எல்லா விருந்தாளியையும் போல அவளையும் அந்தக் கோணல்மாணல் கட்டடத்துக்கு, அதாவது ஸ்டாட்டா சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாய்ந்த கோபுரங்களையும் நெளிந்த தகடுகளையும் வளைத்து வளைத்துப் படம் எடுத்தாள். அப்புறம் உள்ளே, அந்த இடத்தில் முன்பு இருந்த இருபதாம் எண் கட்டடத்துக்காக நீங்கள் வைத்திருக்கும் நினைவுக் காட்சிக்கு முன்னால் நின்று ஒரு வரி விடாமல் படித்தாள். படித்துவிட்டுத் திரும்பி, "இவ்ளோ நல்ல பில்டிங்னா எதுக்கு சித்தப்பா இடிச்சாங்க?" என்றாள்.

"மரக்கட்டடம்மா, ஆஸ்பெஸ்டாஸ் வேற" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பொய் சொல்லவில்லை. இடித்ததில் தப்பே இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கட்டடத்தைப் பற்றி நீங்கள் சொல்லிக்கொண்டு வருகிற கதையில் ஒரு முக்கியமான துண்டு விட்டுப்போகிறது, அது விட்டுப்போனதால்தான் அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது என்று அன்று ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாத தமிழ் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940 செப்டம்பரில், லண்டன் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் குழு ஒன்று அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்கு வந்தது. அவர்கள் கொண்டுவந்த பெட்டியில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு செப்புக் கருவி இருந்தது. அதற்குப் பெயர் மேக்னட்ரான், பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தது. அதை வைத்து விமானத்துக்குள் பொருத்தக்கூடிய சின்ன ரேடார்களைச் செய்ய முடியும். அந்த வேலைக்காக எம்ஐடியில் ஓர் ஆய்வகம் தொடங்கினார்கள். எதிரிக்குத் துப்புக் கிடைக்கக்கூடாது என்று அதற்குக் 'கதிர்வீச்சு ஆய்வகம்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெயர். சில டஜன் பேரோடு ஆரம்பித்தது யுத்தம் முடிவதற்குள் சுமார் 4,000 பேராக வீங்கிவிட்டது. அவ்வளவு பேரை எங்கே உட்கார வைப்பது? அதற்குத்தான் 1943-ல் இருபதாம் எண் கட்டடம். டான் விஸ்டன் என்கிற கட்டடக் கலைஞர் அதன் வரைபடத்தை ஒரே மதியத்தில் போட்டுக் கொடுத்ததாகச் சொல்வார்கள். பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள். யுத்தத்துக்கு இரும்பு போய்விட்டதால் மரத்தில் கட்டினார்கள். மூன்று மாடி, தெருவை ஒட்டி ஒரு நீளமான கட்டு, அதிலிருந்து சீப்புப் பல் மாதிரி பிரிகிற சிறகுகள்.

இப்போது அந்த விட்டுப்போன துண்டு. அவ்வளவு பெரிய மரக்கட்டடம் கேம்பிரிட்ஜ் நகரத்தின் தீ விதிகளுக்கு முரணானது. நகர நிர்வாகம் அனுமதி கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. யுத்தம் நடக்கும் வரை இருக்கலாம், அதன் பிறகு ஆறு மாதம், அவ்வளவுதான் இதன் ஆயுள். அதாவது பிறக்கும்போதே சாவுக்கு நாள் குறித்துவிட்டுத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். யுத்தம் 1945-ல் முடிந்தது. ஆறு மாதம் போனது. கட்டடம் 1998 வரை நின்றது.

இந்த ஐம்பத்து மூன்று வருஷத்தை நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள் என்றால், நீளமான தாழ்வாரங்கள், அதில் வேறு வேறு துறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள், பேச்சு வளர்ந்தது, புது யோசனை பிறந்தது. இடித்துக்கொண்டது உண்மைதான். யார் யார் அங்கே இருந்தார்கள் என்று பார்த்தால் தலை சுற்றும். அணு இயற்பியல்காரர்கள், மின்னணுவியல்காரர்கள், ஒலி ஆய்வகம், ராணுவப் பயிற்சி அலுவலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நரம்பியல் ஆய்வாளர் ஜெரோம் லெட்வின் அங்கேதான் தவளையின் கண் நரம்பில் மெல்லிய மின்முனையைச் செருகி, அந்தக் கண் உலகத்தை அப்படியே மூளைக்கு அனுப்புவதில்லை, பூச்சி மாதிரி அசைகிற சின்னக் கறுப்புப் புள்ளியைத் தனியாகப் பொறுக்கி எடுத்து அனுப்புகிறது என்று கண்டுபிடித்து, 1959-ல் தன் சகாக்களோடு எழுதினார். மோரிஸ் ஹாலேயும் நோம் சாம்ஸ்கியும் அங்கே உட்கார்ந்துதான் மொழியியலைத் தலைகீழாகப் புரட்டினார்கள். ஆனால் அவர்களை அங்கே உட்கார வைத்ததற்குக் காரணம் தவளைக்காரரோடு பேசட்டும் என்பதா? என்ஜினீயரிங் கல்லூரியில் மொழியியலுக்கு நல்ல இடம் கொடுக்க யாருக்கும் மனசில்லை, அந்தப் பழைய மரக்கொட்டகையில் காலி அறை இருந்தது, அவ்வளவுதான். வேறு எங்கும் இடம் கிடைக்காதவர்கள் எல்லாம் போய்ச் சேர்கிற கட்டடமாக அது இருந்தது. கல்யாண வீட்டில் மாடி அறையும் ஏசியும் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன பிறகு, மிச்சமிருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாம் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள் பாருங்கள், அந்த மாதிரி. அந்தக் கூடத்தில்தான் விடிய விடியப் பேச்சு நடக்கும் என்பது வேறு விஷயம்.

நான் அதற்குள் முதல் முறை போனது 1996-ல். பக்கத்தில் வேறொரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அறை நண்பன் ஒருவன் அங்கே ஏதோ ஓர் ஆய்வகத்தில் எடுபிடி வேலை பார்த்தான். வழி சொல்லத் தெரியாமல் வாசலுக்கே வந்து கூட்டிப்போனான். ஜூலை மாத வெயிலில் உள்ளே அடுப்படி மாதிரி இருந்தது. தலைக்கு மேல் குழாயும் ஒயரும் மூடாமல் ஓடின, காலடியில் பலகை கிறீச்சிட்டது. இதையா இவர்கள் உலகத்திலேயே பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நண்பன் அறை மூலையில் சுவரில் ஒரு ஓட்டை, அது வழியாகப் பக்கத்து அறைக்கு ஒரு கத்தை கேபிள் போயிருந்தது. யாரிடம் பர்மிஷன் வாங்கினாய் என்று கேட்டேன், நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட் மாற்றுவதற்கு மூன்று வாரம் காத்திருந்த எரிச்சலில். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இடிக்கப்போற பில்டிங்டா, இதுல எவன் கேக்கப்போறான்?" என்றான்.

அந்த ஒரு வாக்கியம்தான் உங்கள் நினைவுக் காட்சியில் இல்லாதது. நாளைக்கு இடிக்கப்போகிறோம், நாளைக்கு இடிக்கப்போகிறோம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால் யாரும் அதைப் பாதுகாக்கவில்லை. யாரும் பாதுகாக்காததால் உள்ளே இருந்தவர்கள் அதை நிஜமாகப் பயன்படுத்தினார்கள்.

இயற்பியல்காரர் ஜெரால்ட் சக்கரயாஸ் செய்ததைப் பாருங்கள். 1950களின் தொடக்கத்தில் அவருக்கு ஓர் ஆசை. சீசியம் என்ற உலோகத்தின் அணுக்களை நீரூற்று மாதிரி மேலே வீசி, அவை தாமாகவே திரும்பி விழுகிற நேரத்தில் அளந்தால் அதுவரை இல்லாத துல்லியத்தோடு ஒரு கடிகாரம் செய்யலாம். அதற்கு உயரமான குழாய் வேண்டும், மூன்று மாடி உயரம். வேறு கட்டடமாக இருந்தால் விண்ணப்பம், குழு, மதிப்பீடு, அடுத்த நிதியாண்டு. அவர் என்ன செய்தார் என்றால், இரண்டு தளங்களை வெட்டிவிட்டுக் குழாயை நிறுத்தினார். இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்தி, 'அப்படித்தான் அணுக் கடிகாரம் பிறந்தது' என்று முடிப்பது வழக்கம். ஆனால் அந்த உயரமான குழாய் வேலை செய்யவில்லை ஐயா! ஊற்றுக்குத் தேவை மெதுவாகப் போகிற அணுக்கள், பின்னாலிருந்து வந்த வேகமான அணுக்கள் அவற்றைத் தள்ளி விரட்டிவிட்டன. படுதோல்வி. அந்த யோசனை பலிக்க, லேசரை வைத்து அணுக்களைக் குளிரவைக்கத் தெரிய வேண்டியிருந்தது, 1980களின் கடைசி வரை உலகம் காத்திருந்தது. கூடவே சக்கரயாஸ் செய்துகொண்டிருந்த சாதாரண, படுக்கை வாட்டத்தில் அணுக்கற்றை ஓடுகிற கருவிதான் ஜெயித்து, 1956-ல் அடாமிக்ரான் என்ற பெயரில் கடைக்கு வந்தது. ஒரு விநாடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள் என்று 1967-ல் உலகமே ஒப்புக்கொண்டதே, அந்தப் பாதையில் அது ஒரு பெரிய படி.

ஆக, இரண்டு தளங்களை வெட்டினது தோற்றுப்போன ஒரு சோதனைக்கு. எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே அதுதான். தோற்றுப்போகக்கூடிய ஒரு சோதனைக்காக இரண்டு மாடித் தளத்தை வெட்ட இன்று எந்தப் பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடும்? அன்றும் யாரும் போட்டிருக்க மாட்டார்கள். கையெழுத்துத் தேவைப்படாத கட்டடமாக அது இருந்தது.

ரயில் கிளப் பையன்கள் கதையும் இதே ஜாதி. 20இ-214 என்கிற அறையில் 1940களின் இறுதியிலிருந்து பொம்மை ரயில் ஓட்டினார்கள். பொம்மை என்றாலும் தண்டவாளத்துக்கு அடியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த ரிலேக்கள், கண்டபடி பின்னிய ஒயர்க்காடு. ராத்திரி பகல் பார்க்காமல் அந்தக் காட்டுக்குள் படுத்துக் கிடந்த கூட்டம்தான் 'ஹேக்' என்ற சொல்லுக்கு இன்றைய தொழில்நுட்ப அர்த்தத்தைக் கொடுத்தது. அவர்களுடைய குழூஉக்குறிகளுக்கு 1959-ல் ஒரு அகராதியே போட்டார்கள். இன்று வங்கிக் கணக்கில் பணம் போனால் ஹேக்கர் என்று திட்டுகிறோமே, அந்தச் சொல்லின் தாய்வீடு இந்த ஒழுகல் கொட்டகை. ஒயரிங் விதி, ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆள் இருக்கக்கூடாது, சாவி யாரிடம் என்று ஒரு எஸ்டேட் அதிகாரி அப்போது சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் படித்து, பாஸாகி, நல்ல வேலைக்குப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

அமர் போஸைச் சொல்லாமல் விட முடியாது. கல்கத்தாவிலிருந்து பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி வந்த ஒரு சுதந்திரப் போராட்டக்காரரின் மகன். ஆசைப்பட்டு ஒரு ஸ்டீரியோ வாங்கி, அதில் வந்த சத்தம் பிடிக்காமல், ஏன் இப்படி இருக்கிறது என்று நோண்டத் தொடங்கினார். அவர் துறை அது இல்லை, ஆனால் ஒலி ஆய்வகம் தாழ்வாரத்திலேயே இருந்தது, நடந்து போனார். 1964-ல் ஸ்பீக்கர் செய்கிற சொந்தக் கம்பெனி. 2011-ல் அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை உங்களுக்கே எழுதிக் கொடுத்தார். வாடகை பாக்கி வட்டியோடு வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கட்டடத்தைக் கோயிலாக்குகிறவர்களோடு எனக்கும் ஒத்துவராது. கதிர்வீச்சு ஆய்வகத்தின் சாதனைகளைக் கட்டடக் கணக்கில் எழுதுகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கத் தரப்பு பயன்படுத்திய ரேடார்களில் பாதியளவு அந்த ஆய்வகத்தின் வடிவமைப்பு, அங்கே வேலை செய்தவர்களில் நோபல் பரிசுக்காரர்கள் ஒன்பது பத்துப் பேர் தேறுவார்கள், எல்லாம் சரி. ஆனால் அந்த ஆய்வகத்துக்குப் பல கட்டடங்கள் இருந்தன, அதில் இது ஒன்று. நாட்டிலேயே கெட்டிக்காரர்களைப் பொறுக்கி எடுத்து, அரசாங்கம் கஜானாவைத் திறந்துவிட்டு, ஹிட்லர் பயம் முதுகில் உந்தினால் மாட்டுத்தொழுவத்தில் வைத்தாலும் ரேடார் வரும். மரத்துக்கும் ஒட்டுப்பலகைக்கும் மந்திர சக்தி கிடையாது. கோடையில் வெந்து, குளிரில் நடுங்கி, சுவரிலிருந்த ஆஸ்பெஸ்டாஸோடு வருஷக்கணக்கில் வாழ்ந்தவர்கள் எல்லோரும் அதை அன்போடு நினைத்திருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அங்கிருந்து ஒன்றுமே கண்டுபிடிக்காமல் வெறும் இருமலோடு வெளியே போனவர்களைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

1998 மார்ச்சில் பிரியாவிடை விழா நடத்தி, பழைய ஆட்களைக் கூப்பிட்டு, பேசி, அழுது, இடித்தீர்கள். அந்த இடத்தில் கட்டடக் கலைஞர் பிராங்க் கெரியைக் கூட்டிவந்து, சுமார் 30 கோடி டாலர் செலவழித்து, 2004-ல் ஸ்டாட்டா சென்டரைத் திறந்தீர்கள். நோக்கம் நல்ல நோக்கம். பழைய கட்டடத்தில் ஆட்கள் தற்செயலாகச் சந்தித்தார்கள், ஆகவே தற்செயலாகச் சந்திக்கிற மாதிரி ஒரு கட்டடத்தை வரைந்து வாங்குவோம். கம்ப்யூட்டர்காரர்களையும் மொழியியல்காரர்களையும் ஒன்றாக வைத்தீர்கள், உள்ளே தெரு மாதிரி ஒரு நடை, உட்காரத் திண்ணைகள். பழையதன் நினைவாக அங்கங்கே ஒட்டுப்பலகையைக் கூட வைத்திருக்கிறீர்கள், நல்ல வார்னிஷ் போட்டு. அப்புறம் 2007-ல் கூரை ஒழுகுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, வெளிமேடையில் விரிசல் விடுகிறது என்று கெரியின் நிறுவனத்தின் மேலும் கட்டுமான நிறுவனத்தின் மேலும் நீங்களே வழக்குப் போட்டு, 2010-ல் சமாதானமாகிப் போனது ஊரறிந்த கதை. அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் நிறைய. நான் சிரிக்கமாட்டேன், பழையதும்தான் ஒழுகியது. ஒரே வித்தியாசம், அது ஒழுகினால் வாளி வைத்தால் போதும், இது ஒழுகினால் வக்கீல் வைக்க வேண்டியிருந்தது.

எனக்கு வேறொரு கேள்வி. அந்த வார்னிஷ் போட்ட ஒட்டுப்பலகையில் ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் ஒரு மாணவர் யாரிடம் கேட்க வேண்டும்? 30 கோடி டாலர் கட்டடத்தில் கேட்காமல் அடிக்கச் சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை, அதில் கேட்டுத்தான் ஆக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், இருபதாம் எண் கட்டடத்தை எந்தக் கட்டடக் கலைஞராலும் வரைந்து தர முடியாது. தாழ்வாரத்தை வரையலாம், ஜன்னலை வரையலாம். 'இதை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்' என்பதை எந்தப் பென்சிலில் வரைவது?

வரைய முடியாது, ஆனால் உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் எதுவானாலும் ஏதோ ஒரு கட்டடத்தை இடிக்கத் தீர்மானித்துவிட்டு, காசு சேர வேண்டும், நகரசபை அனுமதி வர வேண்டும், வரைபடம் முடிய வேண்டும் என்று வருஷக்கணக்கில் காத்திருக்கும். அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது? ஆட்களைக் காலி செய்கிறீர்கள், வாசலில் சங்கிலி போடுகிறீர்கள், ஒரு செக்யூரிட்டி உட்கார்ந்திருக்கிறார், உள்ளே புறாக்கள். இந்த ஊரில் ஒரு சதுர அடிக்கு என்ன வாடகை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்படிப்பட்ட கட்டடத்தைத்தான் கேட்கிறேன். இடிக்கும் நாள் வரைக்கும் அதை இடமில்லாதவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எந்தத் துறைக்கும் சேராத பேராசிரியர், கிராண்ட் கிடைக்காத ஆராய்ச்சி மாணவர், ரயில் கிளப் மாதிரி ஏதாவது ஒரு கிளப். படிக்கட்டு, தீயணைப்பு வழி, ஆஸ்பெஸ்டாஸ் இதிலெல்லாம் கண்டிப்பாக இருங்கள், ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க வேண்டாம், 1943-ல் செய்த மாதிரி விதிவிலக்கு வாங்கவும் வேண்டாம். பளுவைத் தாங்காத சுவர்கள் எவை என்று உங்கள் என்ஜினீயர் ஒருவர் சுண்ணாம்பில் குறி போட்டுக் கொடுத்துவிடட்டும். குறி போட்ட சுவரில் யார் என்ன செய்தாலும் படிவம் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது, மூன்று வாரக் காத்திருப்பு கிடையாது. கடைசி நாளன்று எப்படியும் புல்டோசர்தான் வரப்போகிறது, அது ஓட்டையைப் பார்த்து முகம் சுளிக்காது. நிறையப் பேர் தோற்பார்கள், பாதிப் பேர் அதைப் பழைய சாமான் போடும் அறையாக்கிவிடுவார்கள். ஆகட்டுமே, இப்போது புறாக்கள் மட்டும் என்ன சாதித்துவிட்டன?

இன்னொரு சின்ன வேண்டுகோள், இதற்குச் செலவு ஒன்றும் ஆகாது. அந்த நினைவுக் காட்சியில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஒன்று, யுத்தம் முடிந்து ஆறு மாதம்தான் ஆயுள் என்று நகரம் போட்ட நிபந்தனை. இன்னொன்று, சக்கரயாஸ் இரண்டு தளங்களை வெட்டி நிறுத்திய குழாய் வேலை செய்யவில்லை என்பது. 2053-ல் திறக்க வேண்டும் என்று ஒரு பெட்டி மூடி வைத்திருக்கிறீர்களே, அதை அன்று யாராவது திறக்கும்போது சுவரில் இந்த இரண்டு வரியும் இருந்தால், உள்ளே இருக்கிற பொருள்களுக்கு அர்த்தம் கொஞ்சம் மாறும்.

அண்ணன் மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். போன வாரம் போனில் இதையெல்லாம் அவளிடம் சொன்னேன், அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று மன்னிப்பும் கேட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த டியூபுக்கு வெட்டின ஓட்டைய அப்புறம் மூடிட்டாங்களா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் பழைய வரைபடங்கள் இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள், அவள் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
வாசர் தெருவில் தினமும் நடந்துபோகிற ஒருவன்